காமிரா மௌனமான வருஷங்கள்

1

1973-ம் வருஷம் தகுமா நகாஹிரா என்ற ஜப்பானியப் புகைப்படக்காரர் தோக்கியோவுக்குத் தெற்கே ஜுஷி கடற்கரையில் தீ மூட்டி, அதுவரை தாம் எடுத்திருந்த நெகட்டிவ்களிலும் பிரதிகளிலும் பெரும்பகுதியை அதில் போட்டார். வயது முப்பத்தைந்தை ஒட்டி. யாரும் அவரை நிராகரித்துவிடவில்லை. மூன்று வருஷம் முன்பு வந்த அவருடைய புத்தகம் ஒரு தலைமுறைக்கே பார்க்கக் கற்றுக்கொடுத்திருந்தது. அவர் மாதிரி படம் எடுக்க இளைஞர்கள் கிளம்பியிருந்தார்கள். அவர் எழுதினால் போட்டுக்கொள்ளப் பத்திரிகைகள் இருந்தன. இவ்வளவும் இருக்கும்போதுதான் எரித்தார்.

அதற்கு முந்தைய வருஷம் அவருடைய நண்பர் தாய்தோ மொரியாமா ஒரு புத்தகம் வெளியிட்டிருந்தார். தலைப்பு, 'புகைப்படமே, சயோனாரா'. நம் பாஷையில் 'போய்வருகிறேன்' என்றால் திரும்பி வருவதாக அர்த்தம். ஜப்பானியச் சொல்லில் அந்த உத்தரவாதம் கிடையாது. சொன்னபடியே அடுத்த பத்து வருஷத்தில் பெரும்பகுதியை அவர் படம் எடுக்க முடியாதவராக, எடுத்தாலும் அதை நம்ப முடியாதவராகக் கழித்தார்.

படைப்பாளிக்கு நேரும் முடக்கத்தைப் பற்றி நம்மிடம் ஒரு வழக்கமான சித்திரம் இருக்கிறது. ஊற்று வற்றிவிட்டது, காத்திருக்க வேண்டும், ஒருநாள் மழை வரும். எழுத்தாளனுக்கு இதைச் சொல்லித் தேற்றுகிறோம். புகைப்படக்காரன் விஷயத்தில் இந்தச் சித்திரம் உடனே இடறுகிறது. வற்றிப்போவதற்கு அவனிடம் என்ன இருக்கிறது? வெயில் இருக்கிறது, தெரு இருக்கிறது, விரலை அமுக்கினால் படம் விழுந்துவிடுகிறது. முடக்கம் எந்த இடத்தில் நேர்கிறது என்பதை அவனிடம்தான் சுத்தமாகப் பார்க்க முடியும். இந்த இருவர் சரித்திரத்தை நாம் படிக்க வேண்டியதற்கு அது ஒரு காரணம். இன்னொரு காரணம், இது ஒரு சிறுபத்திரிகையிலிருந்து தொடங்குகிற சரித்திரம்.

2

'ப்ரொவோக்' 1968 நவம்பரில் தோக்கியோவில் வெளியாயிற்று. இரண்டாவது இதழ் 1969 மார்ச், மூன்றாவது அதே வருஷம் ஆகஸ்டு. அத்தோடு நின்றுவிட்டது. சிந்தனையைச் சீண்டுவதற்கான பொருட்கள் என்பதுபோல் ஒரு உபதலைப்பு உண்டு. நடத்தியவர்கள் நால்வர்: விமர்சகர் கோஜி தாகி, புகைப்படக்காரர் யுதாகா தகானாஷி, கவிஞர் தகாஹிகோ ஒகாதா, பிறகு நகாஹிரா. இரண்டாவது இதழிலிருந்து மொரியாமாவும் சேர்ந்துகொண்டார்.

நகாஹிரா காமிராவோடு வந்தவர் அல்ல. ஸ்பானிஷ் படித்துவிட்டு ஒரு இடதுசாரி மாதப் பத்திரிகையில் உதவி ஆசிரியராக இருந்தவர். மூத்த புகைப்படக்காரர் ஷோமேய் தோமாட்சுவின் பழக்கத்தால் காமிராவுக்கு வந்தார். அவருக்குக் காமிரா வாக்கியத்தின் தொடர்ச்சி. மொரியாமாவோ ஒசாகா பக்கத்திலிருந்து 1961-ல் தோக்கியோ வந்து ஐகோ ஹோசோஎவிடம் உதவியாளராக இருட்டறையில் தொழில் பழகியவர். இருவரும் 1938-ல் பிறந்தவர்கள். இருவரும் ஜுஷியில் குடியிருந்தார்கள். கடற்கரையில் பேசிப்பேசியே ஒருவரையொருவர் வளர்த்துக்கொண்டார்கள்.

அந்தப் பத்திரிகை முன்வைத்த வாதம் எளிமையானது. இருக்கிற பாஷை யதார்த்தத்தைப் பிடிக்கும் சக்தியை இழந்துவிட்டது. புகைப்படம் கருத்து அல்ல. சொல்லைப்போல் மாற்றிமாற்றி வைத்துக்கொள்ளும் குறியும் அல்ல. ஆனால் பாஷையின் பிடிக்குத் தப்பிய துணுக்குகளைக் கண்ணால் அள்ளிக்கொண்டு வர அதனால் முடியும். அப்படி அள்ளி வந்த படங்கள் இருட்டாக இருந்தன. கிரெயின் மணல்மணலாகத் தெரிந்தது, கை அசைந்திருந்தது, ஃபோகஸ் தப்பியிருந்தது. இந்த மூன்று குணங்களுக்கும் 'அரே, புரே, போகே' என்று பெயர் ஏற்பட்டு, மூன்றும் சேர்ந்து ஒரு பாணியின் பெயராகவே ஆகிவிட்டன. மாணவர் கிளர்ச்சியும் அமெரிக்காவுடனான பாதுகாப்பு ஒப்பந்தத்துக்கு எதிரான போராட்டமும் தெருவில் நடந்துகொண்டிருந்த காலம். ஓடிக்கொண்டே, வ்யூஃபைண்டரில் பார்க்காமலே எடுத்த படம், எடுத்தவன் அங்கே உடம்போடு இருந்தான் என்பதற்குச் சாட்சியாகப் பட்டது.

1970-ல் நகாஹிராவின் முதல் புத்தகம் வந்தது. ஒரு புகைப்படத் தொகுப்புக்கு அவர் வைத்த பெயர், 'வரவிருக்கும் ஒரு பாஷைக்காக'. இரவு, ஈரமான தார்ச்சாலை, கடல், எங்கிருந்தோ அடிக்கும் விளக்கு. மனிதர்கள் குறைவு. இன்று பார்த்தாலும் அந்தப் பக்கங்கள் நெஞ்சை அடைக்கின்றன. அதில்தான் சிக்கலும் இருந்தது.

3

1970 ஜூனில் ஒப்பந்தம் தானாகவே நீடித்துக்கொண்டது; கிளர்ச்சி வடிந்தது. அந்த வருஷம் அக்டோபரில் ஜப்பான் தேசிய ரயில்வே 'டிஸ்கவர் ஜப்பான்' என்ற பெரிய விளம்பர இயக்கத்தைத் தொடங்கிற்று. நகரத்து இளம்பெண்கள் தொலைதூரக் கிராமங்களுக்கும் கோவில்களுக்கும் ரயிலேறிப் போய்த் தங்கள் நாட்டைக் கண்டுபிடிக்க வேண்டும் என்பது அழைப்பு. ஸ்டேஷன்தோறும் சுவரொட்டிகள். அவற்றில் வேண்டுமென்றே அசைந்த, மங்கிய படங்கள்.

மொரியாமாவும் நகாஹிராவும் தங்கள் முகத்தை அந்தச் சுவரில் பார்த்தார்கள். விளம்பரக்காரர்கள் திருடிவிட்டார்கள் என்று கோபித்துக்கொண்டு விலகிவிடுவது சுலபமான வழி. நகாஹிரா அந்தச் சுலபத்தை எடுத்துக்கொள்ளவில்லை. திருட முடிந்தது என்றால் திருடக்கூடிய ஏதோ ஒன்று என் படத்திலேயே இருந்திருக்கிறது என்று எடுத்துக்கொண்டார். சாட்சி என்று நினைத்த அசைவு ஒரு அலங்காரமாகவும் இருக்க முடிந்திருக்கிறது. அப்படியானால் முதலிலேயே அது எவ்வளவு தூரம் சாட்சி?

1971-ல் பாரீஸ் பியனாலேயில் கலந்துகொள்ள அழைப்பு வந்தபோது அவர் தம் பழைய படங்களை எடுத்துப் போகவில்லை. ஒவ்வொரு நாளும் பாரீஸில் கண்ணில் பட்டதையெல்லாம் எடுப்பது, அன்றே கழுவிப் பிரிண்ட் போடுவது, அன்றே காட்சிக் கூடத்தில் மாட்டுவது என்று ஒரு திட்டம் செய்தார். தெரு, சுவரொட்டி, செய்தித்தாள், டெலிவிஷன் திரை, மற்றவர்களின் காட்சிப் பொருட்கள், முந்தின நாள் தாமே மாட்டிய படங்கள் எல்லாம் அதில் அடக்கம். படங்கள் சுவரைத் தாண்டி வழிந்தன. கடைசியில் அமைப்பாளர்களோடு தகராறாகி, தாமே கழற்றிக்கொண்டு வந்துவிட்டார். நல்ல படம், மோசமான படம் என்ற தேர்வையே கைவிட முடியுமா என்று பார்த்த சோதனை அது.

அதே வருஷம் நவம்பர் 10-ம் தேதி ஒகினாவாவில் பொது வேலைநிறுத்தம். மோதலில் ஒரு போலீஸ்காரர் இறந்தார். ஒரு பத்திரிகையில் வந்த புகைப்படத்தை வைத்து ஒரு இளைஞர் மீது கொலை வழக்குப் போடப்பட்டது. படத்தில் அவர் கால் தூக்கியிருக்கிறார். மிதிக்கிறார் என்றது ஒரு தரப்பு. போலீஸ்காரர் மேல் பற்றிய நெருப்பைக் காலால் அணைக்கிறார் என்றது மற்றொன்று. படம் இரண்டுக்கும் இடம் கொடுத்தது. நகாஹிரா இந்த வழக்கைப் பின்தொடர்ந்து எழுதினார். புகைப்படம் தானாக எதையும் சொல்வதில்லை, கீழே எழுதிய வரியே சொல்கிறது, அந்த வரி ஒருவனைச் சிறைக்கு அனுப்பலாம் என்பது அவருக்கு வெறும் தத்துவமாக இல்லாமல் போயிற்று.

முடக்கம் இங்கே வந்து சேர்கிறது. ஒரு பக்கம் தம் பாணி ரயில்வே சுவரொட்டியாகிவிட்டது. மறுபக்கம் ஆவணம் என்ற நம்பிக்கை நீதிமன்றத்தில் உடைந்துவிட்டது. மிஞ்சியிருந்தது காமிராவும் அதை வைத்திருந்த கையும்தான்.

4

தீ வைத்த வருஷத்தில்தான் அவருடைய கட்டுரைத் தொகுதியும் வந்தது. 'ஏன் தாவரப் பட அகராதி?' என்று பெயர். ஜப்பானிய விமர்சனத்தில் இது ஒரு முக்கியமான நூல். அதன் தலைப்புக் கட்டுரையில் நகாஹிரா தம் சொந்தப் படங்களுக்கு எதிராக வழக்காடுகிறார். நான் ஏன் எப்போதும் இரவையும் அந்தியையும் எடுத்தேன்? ஏன் எல்லாம் மங்கலாக இருந்தது? வஸ்துக்களை நேராகப் பார்க்கப் பயந்து, அவற்றின் மேல் என் மனசைப் பூசி, அந்தப் பூச்சைக் கவிதை என்று அழைத்தேன். கறுப்பு-வெள்ளை இருட்டறையில் என் கை படுகிறது. அந்தக் கைத்தடம் எனக்கு இனிக்கிறது. ஆகவே இனி வேண்டியது கலர், நடுப்பகல், தெளிவு. ஒரு தாவர அகராதியில் செடிகளின் படங்கள் வரிசையாக இருக்கும். எந்தச் செடிக்கும் மற்றதைவிட அந்தஸ்து கிடையாது, எந்தப் படத்திலும் வரைந்தவனின் துக்கம் கிடையாது. அப்படி. மிருகம் என்றால் அதன் ரத்த வாடை நம்மோடு ஒட்டிக்கொள்கிறது, கல் என்றால் ரொம்ப எட்டிப்போய்விடுகிறது. செடி நடுவில் இருக்கிறது. இதுதான் வாதத்தின் சாரம்.

இதைப் படிக்கும்போது, கவிதை எழுதுகிறவர்கள் கொஞ்சம் நெளியத்தான் வேண்டியிருக்கும். பூச்சு யாரிடம் இல்லை?

ஆனால் ஒன்றைக் கவனிக்க வேண்டும். கட்டுரை அவ்வளவு கச்சிதமாக அமைந்துவிட்டது; அதற்குச் சமமான படத்தை யார் எடுப்பது? இனி எடுக்க வேண்டிய படம் எப்படி இருக்கும் என்பதை ஒரு மனிதன் இவ்வளவு துல்லியமாகச் சொல்லிவிட்டால், பிறகு அவன் எடுக்கிற ஒவ்வொரு படமும் அந்தச் சொல்லுக்கு முன்னால் பரீட்சை எழுத வேண்டியதாகிறது. நகாஹிரா முழுக்க நிறுத்திவிட்டதாகச் சொல்ல முடியாது. 1974-ல் தோக்கியோ தேசிய நவீனக் கலைக் காட்சியகத்தில் 48 கலர் படங்களை ஒரே சுவரில் சேர்த்து மாட்டினார். படர்ந்த கொடி, தரை, கண்ணாடித் தொட்டியில் மீன். அதற்குப் பெயர் 'வெள்ளம்'. தெற்குத் தீவுகளுக்குப் போனார். ஆனால் அந்த வருஷங்களில் எடுத்ததைவிட எழுதியதே அதிகம். 1976-ல் கிஷின் ஷினோயாமா என்ற பிரபலப் புகைப்படக்காரரின் படங்களோடு தம் கட்டுரைகளைச் சேர்த்து ஒரு தொடர் எழுதினார். மறு வருஷம் அது புத்தகமாயிற்று. படம் ஒருவருடையது, எழுத்து இவருடையது. புகைப்படக்காரரின் பெயர் எழுத்தின் பக்கம் நிற்கிறது. அந்தப் பக்கப் பிரிவினையே அவருடைய நிலைமையைச் சொல்லிவிடுகிறது.

5

மொரியாமாவின் வழி வேறு. அவர் எரிக்கவில்லை, வாதாடவும் இல்லை. 'சயோனாரா' புத்தகத்தில் வேறு யாரானாலும் குப்பையில் போட்டிருக்கக்கூடிய நெகட்டிவ்களைப் பிரிண்ட் போட்டார். ஓரத்து ஓட்டைகளோடு, கீறல்களோடு, தூசியோடு. என்ன படம் என்றே தெரியாத பக்கங்கள் உண்டு. புத்தகத்தில் நகாஹிராவோடு ஒரு உரையாடலும் சேர்ந்திருக்கிறது. புகைப்படத்தை அதன் கடைசி எல்லைவரை ஓட்டிப்போய், அங்கே அது உடைந்து சிதறுகிறதா என்று பார்க்கிற ஆவேசம். உடைந்தது. பிறகு எடுக்க என்ன இருக்கிறது?

இதில் ஒரு முரண். 1974-ல் நியூயார்க் நவீனக் கலைக் காட்சியகம் புதிய ஜப்பானியப் புகைப்படங்களுக்கென்று ஒரு கண்காட்சி நடத்தியபோது அதில் மொரியாமா இருந்தார். உலகம் அவரைக் கண்டுகொண்ட வேளையில் அவர் தம்மிடமிருந்து காணாமல் போய்க்கொண்டிருந்தார். சொல்லிக்கொடுத்தார், 1976-ல் மாணவர்களோடு சேர்ந்து ஷிஞ்சுகுவில் 'கேம்ப்' என்ற சிறு காட்சியிடத்தைத் தொடங்கினார். 1978-ல் வடக்கே ஹொக்காய்டோ போய், சப்போரோ நகரில் ஒரு அறையை வாடகைக்கு எடுத்துச் சில மாதம் தங்கினார். நடந்தார், எடுத்தார், சுருள் சுருளாக எடுத்தார். ஊர் திரும்பியபின் அவற்றை வெளியிட மனம் வரவில்லை. ஏறக்குறைய முப்பது வருஷம் கிடந்து, 2008-ல்தான் அவை புத்தகமாக வெளிவந்தன.

சப்போரோ படங்களைப் பார்க்கிறவர்கள் திகைக்கிறார்கள். பனி, ரயில் பாதை, காலித் தெரு. படம் எடுக்கத் தெரியாமல் போன ஒருவன் எடுத்தவையாக அவை இல்லை. கை வேலை செய்திருக்கிறது, கண்ணும் வேலை செய்திருக்கிறது. இது படம், இது நான் பார்த்தது என்று சொல்லும் அந்த ஒரு சம்மதம் மட்டும் உள்ளே கிடைக்கவில்லை. முடக்கம் எந்த இடத்தில் நேர்கிறது என்ற கேள்விக்கு இதைவிடத் தெளிவான பதில் எனக்குத் தெரிந்து இல்லை.

அந்தச் சம்மதம் எப்படித் திரும்பி வந்தது? மொரியாமாவின் அறையில் ஒரு படத்தின் நகல் மாட்டியிருந்தது. 1826 அல்லது 1827-ல் பிரான்சில் சேன் லூ கிராமத்தில் நிசேஃபோர் நியெப்ஸ் தம் வீட்டு மாடி ஜன்னலிலிருந்து எடுத்த படம். காமிராவால் எடுக்கப்பட்டு இன்றும் மிஞ்சியிருப்பவற்றில் அதுவே மிகப் பழையது. ஈயம் கலந்த தகரத் தகட்டில் ஒருவகைத் தாரைப் பூசி, மணிக்கணக்கில் வெயிலில் திறந்துவைத்து எடுத்தது. சூரியன் கிழக்கிலிருந்து மேற்கே போகும்வரை தகடு பார்த்துக்கொண்டே இருந்ததால் கட்டிடங்களின் இரு பக்கமும் வெளிச்சம் விழுந்திருக்கிறது. கிரெயின் மணலாக இருக்கிறது, உருவங்கள் மங்கியிருக்கின்றன. 'ப்ரொவோக்'கின் பாணி புகைப்படத்தின் முதல் நாளிலேயே இருந்திருக்கிறது, பாணியாக இல்லாமல். அங்கே அது ஒரு நீண்ட பகலின் தடம். யாருடைய வேதனையும் அல்ல. மொரியாமா இந்தப் படத்தைப் பற்றி பின்னால் பல தடவை எழுதியிருக்கிறார். 1990-ல் வந்த ஒரு புத்தகத்துக்கு 'சேன் லூவுக்குக் கடிதம்' என்றே பெயர் வைத்தார்.

1981-ல் புதிதாகத் தொடங்கிய ஒரு புகைப்படப் பத்திரிகை அவரிடம் தொடர் கேட்டது. கொச்சையும் துணிச்சலும் கலந்த ஜனரஞ்சகப் பத்திரிகை. கௌரவமான இடம் என்று சொல்ல முடியாது. அவர் வெளியே போய் வெயிலில் இருந்ததை எடுத்தார். ஒரு பூ, ஒரு தொப்பி, பூட்ஸ், மோட்டார் சைக்கிள். வெளிச்சம் விழுந்த பக்கம் வெள்ளை, விழாத பக்கம் கறுப்பு. 1982-ல் அவை 'ஒளியும் நிழலும்' என்ற புத்தகமாயின. தலைப்பில்கூட உரிமை கொண்டாட ஒன்றுமில்லை. அதற்குப்பின் அவர் நிற்கவே இல்லை.

6

இனி நகாஹிராவுக்கு நேர்ந்தது. 1977 செப்டம்பரில் மதுவின் நச்சு கடுமையாகத் தலைக்கேறி அவர் நினைவிழந்து விழுந்தார். பிழைத்துக்கொண்டார். ஆனால் நினைவின் பெரும்பகுதியும் பாஷையின் ஒரு பகுதியும் போய்விட்டன. அந்தக் கட்டுரைகளை எழுதிய மனிதரால் மீண்டும் அப்படி எழுத முடியவில்லை. மறு வருஷமே காமிராவை எடுத்தார். யோகோஹாமாவில் வீட்டைச் சுற்றிய வட்டாரத்தில் சைக்கிளில் சுற்றி, தினமும் எடுத்தார். மரம், பூனை, பெயர்ப்பலகை, தெருவில் உறங்குகிறவர், எரியும் குப்பை. 2015-ல் இறக்கும்வரை, உடம்பு இடம்கொடுத்த வரையில், இதுதான் அவர் வேலை.

இதைப் பற்றி ஒரு கதை உருவாகியிருக்கிறது. மிக அழகான கதை. தன்னை அழித்துவிட்டு வஸ்துவை மட்டும் பார்க்க வேண்டும் என்று எழுதியவர், எழுத்தால் அதைச் செய்ய முடியாமல் தவித்தார். வியாதி வந்து 'தன்னை' அழித்துக் கொடுத்தது. அவர் காமிராவாகவே ஆகிவிட்டார். தாவர அகராதி கைகூடிவிட்டது.

இந்தக் கதையை ஏற்க எனக்கு மனமில்லை. முதல் காரணம், அது ஒரு மனிதனின் நாசத்தைக் கலையின் கணக்கில் வரவு வைக்கிறது. இரண்டாவது காரணம் சரித்திரம் சார்ந்தது. வியாதிக்குப்பின் வந்த அவருடைய புத்தகங்கள் 1983-லும் 1989-லும். இரண்டுமே கறுப்பு-வெள்ளை. 1973-ன் கட்டளை கலர். கட்டளை மறந்துபோய் நிறைவேறியது என்றால் ஏன் கலரில் நிறைவேறவில்லை? நடுப்பகல் வெயிலில் பளிச்சென்று நிற்கும் அந்தக் கலர் படங்கள், இன்று எல்லோரும் கொண்டாடுபவை, அவர் பிரதான வேலையாக அமைந்தது பிற்பாடுதான். 2003-ல் யோகோஹாமா கலைக் காட்சியகத்தில் அவருடைய பெரிய கண்காட்சி நடந்தபோது எழுபதுகளின் கட்டுரையும் புதிய படங்களும் எதிரெதிரே நிற்பதைப் பலர் முதல்முறை பார்த்தார்கள். இடையில் இருபத்தைந்து வருஷம். அந்த வருஷங்களில் ஒரு மனிதன் தினம் சைக்கிளில் போய்வந்திருக்கிறான். எந்த லென்ஸ், எந்தத் தூரம், படுக்கையா நெட்டையா, எந்தப் பூனையை மறுபடி எடுப்பது என்று ஒவ்வொன்றாகத் தீர்மானித்திருக்கிறான். நினைவு போனவனுக்கும் தீர்மானம் உண்டு. அதை வியாதிக்குத் தானம் செய்துவிட நமக்கு உரிமை இல்லை.

தவிரவும் மொரியாமா நம் கண் முன்னால் இருக்கிறார். அவரும் இரவிலிருந்து வெயிலுக்குத்தான் வந்து சேர்ந்தார். அவருக்கு மூளை சேதப்பட வேண்டியிருக்கவில்லை. ஒருவர் பாஷையை இழந்து, ஒருவர் பாஷையிடம் போகாமலே, இருவரும் சேர்ந்த இடம் ஏறக்குறைய ஒன்று: ஒரு பொருள், அதன்மேல் வெயில்.

7

தோல்வியை விரும்புவதிலும் மௌனத்துக்கு மாலை போடுவதிலும் நமக்கு ஒரு ருசி இருக்கிறது. எழுதாமலிருக்கும் நண்பனை, எழுதுகிற நண்பனைவிட ஒரு படி மேலே வைத்துப் பேசுகிறோம். இந்தச் சரித்திரம் அந்த ருசிக்குத் தீனி போடவில்லை. நகாஹிராவின் தீயைக் காட்டிலும் அதற்கு முன்னால் அவர் ரயில்வே சுவரொட்டி முன் நின்று தம்மையே கேட்ட கேள்வி பெரியது. தீ வைக்காமலும் அதைக் கேட்டிருக்கலாம். கேட்டபின் வந்த முடக்கம் நேர்மையானது. ஆனால் அது எதையும் படைத்துத் தரவில்லை. படைத்தது மறுபடி வெளியே போனது.

எழுதுகிறவனுக்கு இதில் ஒரு அசௌகரியமான பாடமும் இருக்கிறது. தன் படைப்பை எடைபோடும் கட்டுரை, படைப்பைவிட நன்றாக அமைந்துவிடக்கூடும். சிறுபத்திரிகைக்காரர்களான நமக்கு இந்த ஆபத்து மற்றவர்களைவிட அதிகம். அடுத்த கவிதை எப்படி இருக்க வேண்டும் என்று நாம் சொல்லியிருக்கும் அளவுக்கு அடுத்த கவிதை வந்திருக்கிறதா?

தீ எல்லாவற்றையும் எடுத்துக்கொள்ளவில்லை. பாரீஸில் அந்தச் சில நாட்கள் எடுத்த நெகட்டிவ்கள் எரியாமல் தப்பியிருந்தன. அவை பின்னால் கண்டெடுக்கப்பட்டு, 2012-ல் நகாஹிரா உயிரோடு இருக்கும்போதே ஒரு புத்தகமாக வந்தன. தேதி, இடம், நிகழ்ச்சி. தேர்வு செய்யாமல் எடுத்தவை. புரட்டும்போது பக்கத்துக்குப் பக்கம் ஒரு மனிதனின் தேர்வு தெரிகிறது.